விவாகரத்தும் வீட்டு உறுதியும்: கொழும்பில் குடும்ப வீட்டைப் பிரிக்கப் போகிறவர்களுக்கு

என் விவாகரத்துத் தீர்ப்பு இறுதியாகி ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெஹிவளையில் உள்ள எங்கள் வீட்டின் உறுதியில் பெயர் மாறியது. அந்த ஒன்றரை வருடமும் வங்கிக் கடனைக் கட்டியது நான். வீட்டில் பாதி என் முன்னாள் கணவருடையதாகவே இருந்தது. இத்தனைக்கும் வீட்டைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டை இல்லை. அவருடைய பாதியை நான் பணம் கொடுத்து எடுத்துக்கொள்வதென்று நீதிமன்றத்திலேயே இருவரும் ஒப்புக்கொண்டிருந்தோம். எந்தத் திகதிக்குள், யாருடைய செலவில், கடனை என்ன செய்துவிட்டு என்று மட்டும் எழுதவில்லை. விடுபட்ட அந்த மூன்று வரிகள் எனக்குத் தின்ற பணமும் தூக்கமும் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் உறுதியை ஒரு சட்டத்தரணி நேரில் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது எதைக் கேட்பதென்று தெரிந்துகொண்டு போனால் பாதிச் செலவு குறையும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: தீர்ப்பு திருமணத்தைத்தான் முடிக்கிறது. வீட்டைப் பிரிப்பது நொத்தாரிசு எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி.

1. உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று பாருங்கள்

‘விவாகரத்து என்றால் சொத்தில் பாதி’ என்று உறவினர்கள் சொல்வார்கள். இலங்கையின் பொதுச் சட்டத்தில் அப்படி இல்லை. கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனச் சட்டத்தின்படி மனைவி தன் பெயரில் தனியாகச் சொத்து வைத்திருக்கலாம், விற்கலாம். ஆகவே முதற்கேள்வி ‘எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தீர்கள்’ என்பதல்ல, ‘உறுதி யார் பெயரில்’ என்பது.

அதே சமயம் விவாகரத்து வழங்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லாமலும் இல்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615 ஆவது பிரிவின் கீழ், ஒருவர் தன் ஆதனத்தையோ அதன் ஒரு பகுதியையோ மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக் கொடுக்கும்படி, அல்லது ஒட்டுமொத்தமாகவோ மாதாமாதமோ பணம் செலுத்தும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். கேட்டால்தான் கிடைக்கும். உங்கள் வழக்கில் அந்தக் கோரிக்கை எழுதப்பட்டிருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வட மாகாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டு தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்பட்டவர்களானால், நீங்கள் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்திருந்தாலும் அந்தக் கேள்வி உங்களைத் தொடர்ந்து வரும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்டவர்களின் ஆதனம் எங்கிருந்தாலும் பொருந்தும்; கொழும்பு வீடும் அதற்குள் வரும். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (பெண்ணுக்குத் திருமணத்தில் கொடுத்தது), தேடிய தேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்ற பிரிப்பு அங்கே முக்கியம். மணவாழ்வின்போது விலை கொடுத்து வாங்கிய வீடு தேடிய தேட்டம் என்ற வாதம் எழும். இன்னொரு பொறி: தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையா ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதன வீடு முழுக்க அவள் பெயரில் இருந்தாலும் இதே நிலைதான். கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைப் பெறலாம். நிரந்தரமாகக் கொழும்பில் குடியேறியவர்களுக்குத் தேசவழமை பொருந்துமா என்பதே வழக்காடப்படும் விடயம் என்பதால், உங்கள் பெற்றோரின் ஊர், நீங்கள் வாழ்ந்த இடங்கள் எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முஸ்லிம் தம்பதியருக்கு விவாகரத்து காதி நீதிமன்றத்தில். வீட்டு உரிமை பற்றிய பிணக்கு அவர்களுக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் வரும்.

2. உறுதியை நம்பாதீர்கள், பதிவேட்டைப் பாருங்கள்

அலுமாரியில் உள்ள உறுதி பழைய செய்தி. அதற்குப் பின் ஈடு வைக்கப்பட்டதா, விற்கப்பட்டதா, யாராவது வழக்குப் பதிந்தார்களா என்பதெல்லாம் காணிப் பதிவகத்தின் பதிவேட்டில்தான் இருக்கும். வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பதிவகம் மாறும்; கொழும்பு மாவட்டத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. உறுதியின் முதற்பக்கத்தில் இடப்பட்டிருக்கும் தொகுதி, பக்க எண்களைக் குறித்துக்கொண்டு போய், அந்தப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேளுங்கள். கட்டணம் சிறியது. உறுதி உங்கள் கையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை; நொத்தாரிசு தரும் இரண்டாவது பிரதி பதிவகத்தில் இருக்கும். பிம் சவிய என்ற அரசின் காணி உரித்துப் பதிவுத் திட்டத்தில் உரித்துச் சான்றிதழ் வழங்கப்பட்ட காணியென்றால் நடைமுறை வேறு. அதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவேட்டைப் பார்த்தபின் உங்கள் நிலை பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இருவர் பெயரிலும் வீடு. பங்கு எவ்வளவு என்று உறுதியில் சொல்லப்பட்டிருக்கிறதா பாருங்கள்; சொல்லப்படாவிட்டால் சரிபாதி என்று கொள்வது வழக்கம். இருவரில் ஒருவர் இறந்தால் முழுவீடும் மற்றவருக்குத் தானாகப் போய்விடாது என்பதும் நினைவிருக்கட்டும். அவரவர் பாதி அவரவர் உரித்தாளிகளுக்குப் போகும்.

ஒருவர் பெயரில் வீடு, பணம் கொடுத்தது மற்றவர். இதில்தான் அதிகம் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் சட்டத்தின் 84 ஆவது பிரிவு இதற்கு ஒரு வழி தருகிறது: விலைப்பணத்தைக் கொடுத்தவர் வேறு, உறுதியில் பெயர் உள்ளவர் வேறு என்றால், பெயர் உள்ளவர் அந்த ஆதனத்தைப் பணம் கொடுத்தவருக்காகவே வைத்திருக்கிறார் என்று நிரூபிக்க முடியும். அன்பளிப்பாகக் கொடுக்கவில்லை என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். நிரூபிப்பது வங்கிச் சீட்டுகளால்தான், கண்ணீரால் அல்ல. நகை அடகு வைத்த ரசீது, வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டு, ஊழியர் சேமலாப நிதியிலிருந்து எடுத்ததற்கான கடிதம், எதையும் வீசாதீர்கள்.

மாமியின் காணியில் உங்கள் பணத்தில் கட்டிய வீடு. காணி யாருடையதோ கட்டடமும் அவருடையது. அவர் உங்கள் விவாகரத்து வழக்கில் தரப்பினரே அல்ல, ஆகவே அந்த நீதிமன்றம் அந்த வீட்டைப் பிரித்துத் தராது. நீங்கள் செய்த அபிவிருத்திக்கு நட்டஈடு கேட்டுத் தனி வழக்குப் போடலாம். சீமெந்து, கம்பி, கூலி எல்லாவற்றுக்கும் ரசீது தேட வேண்டியது இங்கேதான். மேல்மாடி கட்டச் சொல்லி இப்போதே உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால், காணியை முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தொடர்மாடி வீடு. துண்டாட முடியாது, ஒருவர் எடுப்பது அல்லது விற்பது என்ற இரண்டே வழி. முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு மாதக் கட்டண நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். என் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு நான்கு வருட நிலுவை இருந்தது, விற்பனை நாளில்தான் தெரியவந்தது.

3. ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வழக்குப் போடுவதற்கு முன்பே, வீட்டில் இருவரும் இருக்கும்போதே, எல்லாவற்றையும் படமெடுத்து ஒரு நம்பிக்கையான இடத்தில் வையுங்கள். எனக்குத் தேவைப்பட்டவை: உறுதி, நில அளவைப் படம், முந்தைய உரித்துக்களின் பிரதிகள் (வங்கிகள் வழமையாக 30 வருட உரித்துத் தொடரைக் கேட்கும்), அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், கட்டடப் பூர்த்திக்கான இணக்கச் சான்றிதழ், மாநகர சபையின் வீதி எல்லைச் சான்றிதழ், மதிப்பீட்டு வரிப் பற்றுச்சீட்டு, கடன் நிலுவைக் கடிதம், விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டைப் பிரதி.

மதிப்பீட்டு வரிப் பற்றுச்சீட்டில் உங்கள் பெயர் இருப்பதால் வீடு உங்களுடையதாகிவிடாது. மின்சாரப் பட்டியலும் அப்படியே. அவை நீங்கள் அங்கே வாழ்ந்ததைக் காட்டும், அவ்வளவுதான்.

தமிழர்களாகிய நமக்கே உரிய ஒரு தலைவலியைச் சொல்ல வேண்டும். அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் கணவனின் பெயர் பின்னால், உறுதியில் வெறும் முதலெழுத்து, அதுவும் சிங்களத்தில் எழுதும்போது வேறொரு உச்சரிப்பு. எனக்கு நான்கு ஆவணங்களில் நான்கு பெயர்கள். எல்லாம் ஒருவரையே குறிக்கிறது என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு எடுங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொடுத்தால் மலிவு; அவசரமென்று ஒவ்வொன்றாகக் கொடுத்து நான் அதிகம் செலவழித்தேன்.

4. வழக்கு நடக்கும்போது வீட்டைக் காப்பாற்றுங்கள்

வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன் யோசியுங்கள். அடி உதை இருந்தால் யோசிக்க வேண்டாம், உடனே வெளியேறுங்கள். உயிரைவிட உறுதி பெரிதல்ல. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் 14 நாள் வரை இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் தரலாம். அந்தக் கட்டளையில், துன்புறுத்துபவர் வீட்டுக்குள் வருவதையும், உங்களை நிர்க்கதியாக்கும் விதத்தில் வீட்டை விற்பதையும் ஈடு வைப்பதையும் தடுக்கும்படி கேட்க முடியும். பலருக்கு இந்த இரண்டாவது பகுதி தெரியாது.

வன்முறை இல்லாத வீடுகளில், வீடு கணவன் பெயரில் இருந்தாலும் திருமணம் நிலவும்வரை மனைவிக்கு அங்கே குடியிருக்கும் உரிமையை நமது நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. தீர்ப்பு இறுதியானதும் அந்த உரிமை போய்விடும். ஆகவே குடியிருப்புப் பற்றிய ஏற்பாடு அதற்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். பூட்டை மாற்றி உங்களைப் பலவந்தமாக வெளியே நிறுத்தினால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுங்கள். நிலப் பிணக்கு என நீதிமன்றத்துக்குப் போவதற்கு 2 மாதக் கால எல்லை இருக்கிறது, நாட்களைக் கடத்தாதீர்கள்.

மற்றவர் வீட்டை இரகசியமாக விற்றுவிடுவார் என்ற பயம் இருந்தால் இரண்டு காரியம். காணிப் பதிவகத்தில் ஆட்சேபனை அறிவித்தல் பதியலாம். அதற்குப் பின் அந்தக் காணி மீது ஏதும் பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவிப்பு வரும். மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையுத்தரவும் கேட்கலாம். வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தால் இந்த இரண்டையும் வழக்கின் முதல் வாரத்திலேயே சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

5. பெறுமதியை எடுங்கள், திகதியைக் குறியுங்கள்

பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை இருவரும் சேர்ந்து நியமிப்பது நல்லது. ஆளுக்கொருவரை வைத்தால் இரண்டு அறிக்கைகளுக்கும் இடையில் மலையும் மடுவுமாக வித்தியாசம் வரும், பிறகு மூன்றாவது ஆளுக்கும் பணம் கொடுக்க வேண்டும். அறிக்கையில் சந்தைப் பெறுமதி, உடனடி விற்பனைப் பெறுமதி என்று இரண்டு தொகைகள் இருக்கும். இரண்டாவது வங்கி ஏலத்துக்கானது, குறைவாகவே இருக்கும். பங்கை வாங்குபவர் அந்தத் தொகையைக் காட்டிப் பேசினால் ஏமாறாதீர்கள்.

எங்கள் அறிக்கை 2021 இல் எடுத்தது. பணம் கைமாறும்போது 2023. இடையில் நாடு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எந்தத் திகதியின் பெறுமதி, எத்தனை மாதத்துக்குச் செல்லும், அதற்குப் பின் யார் செலவில் புதிய மதிப்பீடு என்று உடன்பாட்டிலேயே எழுதுங்கள்.

6. எப்படிப் பிரிப்பதென்று தீர்மானியுங்கள்

ஒருவர் மற்றவரின் பங்கை வாங்குவது. கணக்கு எளிது. வீடு 3 கோடி, கடன் நிலுவை 60 இலட்சம் என்று வையுங்கள். மிஞ்சுவது 2 கோடி 40 இலட்சம், பாதி 1 கோடி 20 இலட்சம். ஆனால் வீட்டை எடுப்பவர் அந்த 1 கோடி 20 இலட்சத்தோடு 60 இலட்சக் கடனையும், முத்திரைத் தீர்வையையும், நொத்தாரிசுக் கட்டணத்தையும் தாங்க வேண்டும். பிள்ளை பழகிய வீடு என்ற பாசத்தில் தாங்க முடியாததை ஏற்றுக்கொண்டு, பின்பு வங்கியிடம் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

விற்றுப் பிரிப்பது. மனம் வலித்தாலும் பெரும்பாலானோருக்கு இதுதான் சுத்தமான வழி என்பது என் எண்ணம். குறைந்தபட்ச விலை, தரகர் கூலி, எத்தனை மாதத்துக்குள், அதற்குள் விற்காவிட்டால் விலையை எவ்வளவு இறக்குவது என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்.

பிள்ளையின் பெயரில் எழுதுவது. எந்தக் குடும்பக் கூட்டத்திலும் ஒரு பெரியப்பா இதைச் சொல்வார்; கேட்க நியாயமாகவே இருக்கும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பிள்ளைக்குச் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டாலும் அந்த அனுமதி இல்லாமல் வீட்டைத் தொட முடியாது. ஈட்டில் இருக்கும் வீட்டுக்கு வங்கியும் சம்மதிக்க வேண்டும். அப்படியும் எழுதுவதென்றால், பிள்ளையோடு வாழப்போகும் தாய்க்கோ தந்தைக்கோ சீவிய உருத்து (உயிருள்ளவரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் எழுதிக் கொடுத்தவர் அந்த வீட்டில் உரிமையின்றி இருக்க வேண்டிவரும்.

காணியைத் துண்டாடுவது. கொழும்பில் இது பெரும்பாலும் கனவு. குடியிருப்புக் காணியைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் பொதுவாக 150 சதுர மீற்றராவது, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சஸ், இருக்க வேண்டும். எங்கள் காணி 8 பேர்ச்சஸ். பேச்சே இல்லை.

எதற்கும் இணங்காவிட்டால், கூட்டு உரிமையாளர் எவரும் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப் பிரிவினைச் சட்டத்தின் கீழ், காணி இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நில அளவையாளர், உரித்து விசாரணை, இடைக்காலத் தீர்ப்பு, பின்பு பிரிப்பு அல்லது விற்பனை என்று அது வருடக்கணக்கில் போகும். கையில் இருக்கும் கடைசிக் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. வங்கிக்கு முன்கூட்டியே போங்கள்

இருவரும் சேர்ந்து வாங்கிய கடன், நீதிமன்றத்தில் நீங்கள் என்ன ஒப்புக்கொண்டாலும் இருவரின் கடன்தான். வங்கி உங்கள் வழக்கில் தரப்பினர் அல்ல. ‘இனிக் கடனை மனைவி கட்டுவார்’ என்று தீர்ப்பில் எழுதியிருந்தாலும், அவர் கட்டத் தவறினால் வங்கி கணவனைத் தேடும்.

நான் செய்த பெரிய தவறு, தீர்ப்பு வந்தபின் வங்கிக்குப் போனது. அவர்கள் என் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்து, இந்தக் கடனைத் தனியாகத் தாங்க உங்கள் வருமானம் போதாது என்றார்கள். 2022 இல் ஏறிய வட்டியும் சேர்ந்துகொண்டது. பின்பு என் தம்பி பிணையாளியாக வந்து, வேறொரு வங்கியில் புதுக்கடன் எடுத்து, பழைய ஈட்டை மீட்டு, அதன் பிறகுதான் உறுதி எழுத முடிந்தது. இதற்கு மட்டும் ஏழு மாதம். பேச்சுவார்த்தை தொடங்கும்போதே வங்கியிடம் கேட்க வேண்டியவை: இன்றைய நிலுவை எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் தண்டப்பணம் எவ்வளவு, ஒருவர் பெயருக்கு மாற்ற என்ன வருமானம் காட்ட வேண்டும், கடனோடு இணைந்த ஆயுள் காப்புறுதி யார் பெயரில். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

8. உடன்பாட்டை எழுதுங்கள்

இலங்கைப் பொதுச் சட்டத்தில் இருவரும் சம்மதித்தால் போதும் என்ற விவாகரத்து இல்லை. விபசாரம், கெட்டெண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகியவையே காரணங்கள். நீதிமன்றத்தில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இருவரும் கூடிப்பேசிப் பொய்க் காரணம் சொன்னதாக நீதிபதிக்குத் தோன்றினால் வழக்கே விழும். ஆகவே விவாகரத்துக்கான காரணமும் வீட்டைப் பற்றிய இணக்கமும் வேறு வேறாக, சட்டத்தரணியின் சொற்படி முன்வைக்கப்பட வேண்டும்.

வீட்டைப் பற்றிய இணக்கத்தை வீட்டு மேசையில் எழுதிச் சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது உரித்தை மாற்றாது. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணிக் கைமாற்றம் 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி செல்லாது. இணக்கம் நீதிமன்றப் பதிவில் ஏற வேண்டும்; அதன்படி பின்பு உறுதி எழுதப்பட வேண்டும்.

பதிவாகும் நிபந்தனைகளில் இவை இருக்கின்றனவா என்று விரல் விட்டு எண்ணுங்கள்: ஆதனத்தின் முழு விபரம், நில அளவைப் பட எண்ணோடு, பங்கின் தொகை, எந்தத் திகதிக்குள் பணம், எந்தத் திகதிக்குள் உறுதி, அதுவரை கடனையும் வரியையும் கட்டுபவர், முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும் யாருடையது, வீட்டைக் காலி செய்யும் நாள், தளபாடங்கள், ஒருவர் கையொப்பமிட மறுத்தால் நீதிமன்றப் பதிவாளர் அவருக்குப் பதிலாக உறுதியில் ஒப்பமிடலாம் என்ற வரி. இவற்றில் திகதி, செலவு, கடன் பற்றிய வரிகள் என் பதிவில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

கொழும்பில் நீதிமன்றப் பதிவு சிங்களத்தில் நடக்கும். தமிழில் மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பாளரும் கேட்பது அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை தரும் உரிமை. நெரிசலான புதுக்கடை நீதிமன்றத்தில், அடுத்த வழக்கு அழைக்கப்படும் அவசரத்தில், ‘எல்லாம் சரி, ஒப்பமிடுங்கள்’ என்பார்கள். வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள். தவணை ஒன்று தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

சட்டத்தரணிக் கட்டணம் மொத்தமாகவா, தவணைக்குத் தவணையா, உறுதி எழுதுவதும் அதற்குள் அடக்கமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வசதி குறைந்தவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானத்தைக் காட்டும் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டு போங்கள்.

9. தீர்ப்புக்குப் பின் மூன்று மாதம்

முதலில் வருவது நிபந்தனைத் தீர்ப்பு. அது குறைந்தது 3 மாதம் கழித்துத்தான் இறுதியாகும். அந்த மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள்: வங்கியின் சம்மதக் கடிதம், உறுதியின் வரைவு, பணத்துக்கான ஏற்பாடு எல்லாம் இப்போது நடக்கட்டும். மற்றவர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்தால், இந்த வீட்டைப் பெயர் குறிப்பிட்டு எழுதிய அட்டோனித் தத்துவத்தை (தனக்குப் பதிலாக ஒப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தை) அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே கொண்டுவந்து பதிய வேண்டும். தபாலும் சந்திப்பு நேரமும் சேர்த்து மாதக்கணக்கில் போகும் என்பதால் முதலில் தொடங்க வேண்டியது இதுதான்.

10. உறுதி, முத்திரைத் தீர்வை, வரி

மேல் மாகாணத்தில் விற்பனை உறுதிக்கு முத்திரைத் தீர்வை, பெறுமதியின் முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். மேலே சொன்ன வீட்டின் பாதியை, அதாவது 1 கோடி 50 இலட்சம் பெறுமதியை மாற்றினால் 5,99,000 ரூபாய். நன்கொடை உறுதியென்றால் முதல் 50,000 ரூபாய்க்கு 3 வீதம், மீதிக்கு 2 வீதம். அதே பாதிக்கு 3,00,500 ரூபாய். இந்த வித்தியாசத்தைப் பார்த்து, பணம் வாங்கிக்கொண்டே நன்கொடை என்று எழுதலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். நீங்கள் பணம் கொடுத்ததற்கு உறுதியில் அடையாளமே இராது. நன்றிகெட்ட செயல் என்று காரணம் காட்டி நன்கொடையை ரத்துச் செய்யும்படி அவர் நீதிமன்றம் போகும் வழியும் திறந்திருக்கும். பெறுமதியைக் குறைத்து எழுதுவதும் அப்படியே. மாகாண வருமானத் திணைக்களம் திருப்பி மதிப்பிட்டால் மீதியைத் தேடி வரும்.

வெளியாருக்கு விற்பவர்கள் மூலதன ஆதாய வரியைக் கவனியுங்கள். 2017 ஆம் ஆண்டின் உண்ணாட்டரசிறைச் சட்டத்தில் சொந்தக் குடியிருப்புக்கு விலக்கு உண்டு: விற்பதற்கு முன்னைய 3 வருடமும் தொடர்ந்து உரிமையாளராக இருந்து, அந்த மூன்றில் 2 வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வெளியேறி ஒரு வருடத்துக்கு மேலானவருக்கு இந்த விலக்கு நழுவிவிடும். வழக்கு இழுபடும்போது இது யாருக்கும் நினைவு வருவதில்லை. விவாகரத்து உடன்பாட்டின் கீழ் துணைவருக்கு மாற்றுவதற்குச் சட்டத்தில் தனி ஏற்பாடு இருப்பதால், உறுதியில் நீதிமன்ற வழக்கு இலக்கத்தையும் இணக்கத்தின் திகதியையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கையொப்ப நாளில் பணத்தை வங்கி வரைவோலையாகக் கொடுங்கள். பழைய ஈடு மீட்பு, கைமாற்ற உறுதி, புதிய ஈடு மூன்றும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடக்கும்படி இரு தரப்பு நொத்தாரிசுகளும் பேசிக்கொள்ள வேண்டும்.

11. பதிவுக்குப் பின்

உறுதி எழுதியது பாதி வேலை. பதிவேட்டில் ஏறியதா என்று சில வாரம் கழித்துப் போய், முதல் நாள் எடுத்த அதே பக்கத்தின் புதிய பிரதியை எடுங்கள். அந்த உறுதிப் பிரதியோடு மாநகர சபையில் மதிப்பீட்டு வரிப் பெயரையும், மின்சாரம், நீர் இணைப்புகளின் பெயரையும் மாற்றுங்கள். வங்கிக் கணக்குகளிலும் சேமலாப நிதியிலும் நியமித்திருக்கும் பெயர்களையும் மாற்றுங்கள். மரண சாசனம் எழுதியிருந்தால் அதையும் திருப்பி எழுதுங்கள்.

பிரதியில் உங்கள் பெயர், அடையாள அட்டை எண், காணியின் எல்லைகள், நில அளவைப் பட எண் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். என்னுடையதில் பட எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. திருத்த உறுதிக்கு எழுதிக் கொடுத்தவரின் கையொப்பம் மீண்டும் வேண்டும். அதற்காக நான் இன்னொரு தடவை அவரை அழைக்க வேண்டியிருந்தது. அவர் வந்தார், நொத்தாரிசின் அறையில் பத்து நிமிடம் இருந்தார், ஒப்பமிட்டுப் போனார். எல்லோருடைய முன்னாள் துணைவரும் அப்படி வரமாட்டார்கள். வரைவைக் கையொப்பத்துக்கு முந்தின நாள் இரவே வாங்கி, பழைய உறுதியைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.